கருத்தை மாற்றியது வாதமா, உருவகமா?

தாழ்வாரம்

வணக்கம். இரண்டு வாரமாக ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. இங்கே பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள் சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

நாங்கள் ஆறு பேர் சனிக்கிழமைதோறும் கூடி, அந்த வாரம் வந்த ஒரு கருத்துக் கட்டுரையைப் படித்து விவாதிப்போம். போன மாதம் எடுத்தது அரசாங்கக் கடன் பற்றிய ஒரு நடுப்பக்கக் கட்டுரை. அதன் தொடக்கம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது: வரவுக்கு மேல் செலவு செய்கிற குடும்பம் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும், நாடும் ஒரு பெரிய குடும்பம்தான்.

அதைப் படிப்பதற்கு முன்னால், பொருளாதாரம் மந்தமாக இருக்கும்போது அரசு கூடுதலாகச் செலவு செய்யவேண்டும் என்பதுதான் என் எண்ணம். படித்த பிறகு, செலவை உடனே வெட்டவேண்டும் என்று கூட்டத்தில் இருபது நிமிடம் பேசினேன். மனப்பூர்வமாகத்தான் பேசினேன். கணக்கைப் பார்த்துத்தான் மனம் மாறியது என்று நம்பினேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தக் கட்டுரையில் இருந்த ஒரு எண்ணைச் சொல்லு பார்ப்போம்."

சொல்ல முடியவில்லை. திரும்ப எடுத்துப் பார்த்தால் அதில் ஆறு எண்கள் இருக்கின்றன. ஒன்றுகூட என் மண்டையில் இல்லை. வாசலில் வந்து நிற்கும் கடன்காரர், தலைகுனிந்து நிற்கும் அப்பா, பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளை, இவ்வளவும் அப்படியே கண்முன் நிற்கின்றன. கட்டுரையில் அந்த அப்பாவும் பிள்ளையும் கிடையவே கிடையாது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். 'குடும்பம்' என்ற ஒரு சொல்தான் இருந்தது. மீதியை நானே சேர்த்திருக்கிறேன்.

இதற்கு என்ன பெயர்? ஓர் உருவகம் விளங்க வைக்கிறதா, எனக்குப் பதிலாக முடிவெடுத்துவிடுகிறதா என்று படிக்கும்போதே பிடிக்க வழி உண்டா?

எனக்கு இது வெறும் படிப்பு விஷயமும் இல்லை. ஒரு சிற்றிதழ் என்னிடம் 900 சொற்களில் ஒரு பத்தி கேட்டிருக்கிறது, என் முதல் பத்தி. தலைப்பு, இணையத்தில் பரவும் பொய்ச்செய்திகள். முதல் வரியை இப்படி எழுதி வைத்திருந்தேன்: 'பொய்ச்செய்தி ஒரு தொற்றுநோய்.' அக்காவின் கேள்விக்குப் பிறகு இரண்டாவது வரி வரவில்லை.

---

பச்சைமை

தம்பி, கட்டுரையில் இல்லாத அப்பாவையும் பிள்ளையையும் நீங்களே சேர்த்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஒரு நாளிதழின் நடுப்பக்கத்தில் 19 ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். வருகிற கட்டுரைகளைத் திருத்துவது, வெட்டுவது, தலைப்புப் போடுவது. பச்சை மையில் திருத்துவேன், அதனால் இந்தப் பெயர்.

நீங்கள் கேட்ட பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். ஏகதேச உருவகம். 'பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்ற குறளைத்தான் எடுத்துக்காட்டாகத் தருவார்கள். செயலை உரைகல் என்று உருவகம் செய்த வள்ளுவர், பெருமையையும் சிறுமையையும் பொன் என்று சொல்லவில்லை. அந்தப் பொன்னை நாமாகக் கொண்டுவந்து கல்லின் மேல் வைக்கிறோம். தொடர்புள்ள இரண்டில் ஒன்றை உருவகமாக்கி மற்றதை விட்டுவிடுவது. குறளில் அது அழகு. கருத்துக் கட்டுரையில் வாசகரை இணங்க வைக்கிற வேலை நடப்பதே அந்த விட்ட பாதியில்தான்.

குடியேறிகளை வெள்ளம் என்று எழுதுகிறவர் அணை கட்டு என்று எழுதத் தேவையில்லை. வரியைச் சுமை என்று எழுதினால் இறக்கு என்று எழுதத் தேவையில்லை. எதிர்க்கட்சியையோ ஒரு சமூகத்தையோ களை என்று எழுதினால் பிடுங்கு என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார். நாமே போட்டு முடித்த கணக்கு என்பதால் அதை எதிர்க்க மனம் வருவதில்லை. அடுத்தவர் சொன்னால் சந்தேகப்படுவோம், தனக்குத் தோன்றியதை யார் சந்தேகப்படுகிறார்கள்?

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2011இல் பால் திபோடோ, லேரா போரோடிட்ஸ்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், அடிசன் என்ற கற்பனை நகரத்தின் குற்றங்கள் பற்றி ஒரு சிறு குறிப்பைப் பலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். புள்ளிவிவரம் எல்லோருக்கும் ஒன்றுதான். சிலருக்குக் கொடுத்ததில் குற்றம் நகரத்தைச் சூறையாடும் ஒரு மிருகம். சிலருக்கு அது ஒரு வைரஸ். என்ன செய்யலாம் என்று கேட்டபோது, மிருகம் என்று படித்தவர்கள் பிடிப்பது, சிறையில் அடைப்பது, காவலைக் கூட்டுவது என்ற பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். வைரஸ் என்று படித்தவர்களில், காரணத்தைக் கண்டுபிடித்துச் சமூகத்தைச் சீர்திருத்தவேண்டும் என்றவர்கள் கூடுதல். எதனால் இப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் புள்ளிவிவரத்தைத்தான் காட்டினார்கள். உருவகத்தைச் சொன்னவர்கள் மிகச் சிலர். உங்களுக்கு நடந்ததும் இதுவே, வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுதான் நெஞ்சில் தைத்தது. உருவகத்தைக் குறிப்பின் தொடக்கத்திலிருந்து எடுத்துக் கடைசியில் வைத்தபோது அதற்கு விளைவு இல்லை. முன்னால் வரும்போதுதான், பின்னால் வரும் தகவல்களை எப்படி அடுக்கிக்கொள்வது என்று அது சொல்லிக்கொடுக்கிறது. ஒரு செய்தித்தாளில் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது எது? தலைப்பு. தலைப்புப் போட்டவள் நான்.

ஒருமுறை ஒரு கட்டுரை வந்தது. 'குடியேறுவோர் எண்ணிக்கை: என்ன செய்யலாம்?' என்பது எழுதியவர் கொடுத்த தலைப்பு. மூன்று பத்தி அகலத்தில் அடங்கவில்லை. மணி ஒன்பதரை, பக்கம் அச்சுக்குப் போகவேண்டும். 'கரை மீறும் வெள்ளம்' என்று மாற்றினேன். வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி இடங்களைக் கூட்டவேண்டும், பெரியவர்களுக்கு மொழிப் பயிற்சி தரவேண்டும் என்பதுதான் கட்டுரையின் வாதம். அடுத்த வாரம் 31 வாசகர் கடிதங்கள் வந்தன. அதில் 22 கடிதங்கள், எல்லையை மூடு என்றன. ஒன்றுகூடக் கட்டுரையிலிருந்து ஒரு வரியை எடுத்துச் சொல்லவில்லை. எழுதியவர் தொலைபேசியில் அழைத்து, கோபப்படாமல் சொன்னார்: "நான் எழுதியதை யாரும் படிக்கவில்லைம்மா. நீங்கள் எழுதியதைத்தான் படித்திருக்கிறார்கள்." மன்னிப்புக் கேட்டேன். ஆனால் பத்திரிகையில் திருத்தம் போட என்ன இருக்கிறது? தகவல் பிழை எதுவும் இல்லையே.

பெரிய எழுத்துகளிலும் இதே கதை உண்டு. 1947 ஜூலையில் அமெரிக்க அரசு அதிகாரி ஜார்ஜ் கென்னன் 'எக்ஸ்' என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். சோவியத் அரசியல் ஓயாமல் ஓடுகிற ஒரு நீரோட்டம், கிடைக்கிற மூலை முடுக்கையெல்லாம் நிரப்பப் பார்க்கும் என்பது அதில் வருகிற உருவகம். நீர் என்றாகிவிட்டால் அடுத்து என்ன? சுற்றித் தடுப்பு. அமெரிக்காவின் பல்லாண்டு கொள்கைக்கு அமைந்த பெயரே கட்டுப்படுத்தி அடக்குதல் என்பதுதான். அன்றைக்குப் பெரிய பத்தியாளராக இருந்த வால்டர் லிப்மன் தொடர்ந்து பல பத்திகள் எழுதி எதிர்த்தார். எனக்கு அவரிடம் பிடித்தது, அந்த விட்ட பாதியை அவர் வாய்விட்டுக் கேட்டதுதான். உலகம் முழுக்க எங்கே கசிந்தாலும் அங்கே போய் அடைப்பது யார், அத்தனை ஆட்களுக்கு எங்கே போவது, எந்தெந்த நாடுகளைக் கூலிக்குச் சேர்த்துக்கொண்டு நிற்கப்போகிறோம், எப்போது எங்கே என்பதை முடிவு செய்கிற வாய்ப்பை எதிராளிக்கு விட்டுவிடுவோமா என்றெல்லாம். ஆனால் அந்தப் பத்திகள் நூலானபோது அவர் வைத்த பெயர் 'பனிப்போர்'. அவருடைய கேள்விகள் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கின்றன? பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சரி, உங்கள் குடும்பத்துக்கு வருகிறேன். நாட்டைக் குடும்பமாகப் பார்ப்பது புதிதும் இல்லை, ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. 2008 டிசம்பரில், நிதி நெருக்கடி நடுவே, ஜெர்மன் பிரதமர் மெர்கல் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த தன் கட்சி மாநாட்டில், அந்தப் பகுதியான ஸ்வேபியாவின் சிக்கனமான இல்லத்தரசியைக் கேட்டிருந்தால் வரவுக்கு மேல் வாழமுடியாது என்று சொல்லியிருப்பார் என்றார். அதன் பிறகு அந்த இல்லத்தரசி எத்தனையோ பத்திகளில் வந்து போனார்.

இதை அளக்கத் தொல்காப்பியம் ஓர் அளவுகோல் தருகிறது. 'வினை பயன் மெய் உரு என்ற நான்கே' உவமை தோன்றும் இடங்கள். செய்கிற செயலில் ஒப்பா, அதனால் விளைவதில் ஒப்பா, வடிவில் ஒப்பா, நிறத்திலா? கவிதைக்காகச் சொன்னதுதான். நான் அதைக் கட்டுரை திருத்தப் பயன்படுத்தினேன். குடும்பமும் கடன் வாங்குகிறது, அரசும் வாங்குகிறது; இரண்டும் வட்டி கட்டுகின்றன. வினையில் ஒப்பு உண்டு, மறுக்க முடியாது. பயனில்? குடும்பம் செலவைக் குறைத்தால் அதன் வருமானம் குறைந்துவிடாது. அரசு குறைக்கிற செலவு யாரோ ஒருவருடைய சம்பளம். அவர் வாங்குவதைக் குறைப்பார், விற்பவருக்கு வருமானம் குறையும், அரசுக்கு வரியும் குறையும். ஒருவர் செலவுதான் இன்னொருவர் வருமானம் என்று பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1930களில் மன்றாடிச் சொன்னது இதைத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் சிக்கனமானால் எல்லோருக்கும் குறைகிறது. ஆக, உங்கள் கட்டுரையாளர் வினையில் ஒப்பைக் காட்டினார், முடிவை மட்டும் பயனிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அதற்காகக் குடும்ப உருவகம் எப்போதும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். தன்னால் அச்சடிக்க முடியாத வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கிய நாடு, அந்த விஷயத்தில் குடும்பத்துக்கு நெருக்கமாகத்தான் இருக்கிறது. எந்த இடத்தில் ஒப்பு, எந்த இடத்தில் இல்லை என்று கட்டுரையே சொன்னால் அது விளக்கம். சொல்லாமல் போனால் நீங்கள்தான் நிறுத்திக் கேட்கவேண்டும்.

படிக்கும்போதே பிடிக்க வழி கேட்டீர்கள். உருவகத்தில் மறைந்து நிற்கிற 'போல'வைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 'நாடு ஒரு குடும்பம்' என்று படித்தால் தலை தன்னால் ஆடும். 'நாடு குடும்பம் போல' என்று படித்தால், எதில் என்ற கேள்வி கூடவே வந்து நிற்கும். என் மேசையில் அந்த 'எதில்?' என்ற சொல்லைத்தான் பச்சை மையில் அதிகம் எழுதியிருக்கிறேன்.

---

நேர்கோடு

பச்சைமை அக்கா எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் இரண்டு இடத்தில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் மொழியியல் படிக்கிறவன், உருவகம்தான் என் ஆய்வு.

முதலாவது, அந்த மிருகம், வைரஸ் ஆய்வு. அதோடு கதை முடியவில்லை. 2014இல் ஜெரார்ட் ஸ்டீன் குழுவினர் அதையே நான்கு சோதனைகளாகத் திரும்பச் செய்தார்கள். உருவகமே இல்லாத ஒரு வடிவத்தையும் சேர்த்தார்கள், படிப்பதற்கு முன்பே கருத்தையும் கேட்டுவைத்தார்கள். உருவகத்தால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 2015இல் முதல் ஆய்வாளர்கள் பதில் எழுதினார்கள்: இடைப்பட்ட காலத்தில் மக்கள் கருத்தே நகர்ந்துவிட்டது, அதற்கேற்ப அளவுகோலைத் திருத்தினால் விளைவு தெரிகிறது என்று. ஆக, விளைவு இருக்கலாம், ஆனால் சின்னது, சூழலைப் பொறுத்தது. ஒரு சொல் மனிதரை அப்படியே திருப்பிப் போட்டுவிடும் என்ற படம் சரியில்லை.

இரண்டாவது, நினைவில் நிற்பதும் இணங்க வைப்பதும் ஒன்றல்ல. தாழ்வாரத்துக்குக் குடும்பம் நினைவில் இருக்கிறது, எண்கள் இல்லை. அதனால் எண்கள் வேலை செய்யவில்லை என்று ஆகாது. ஒரு கணக்கைப் படித்து, ஒப்புக்கொண்டு, பிறகு எண்ணை மறந்து முடிவை மட்டும் வைத்துக்கொள்வது எல்லோரும் செய்வதுதான்.

அப்புறம், உருவகத்தை எல்லாம் தேடிப் பிடிக்கக் கிளம்பினால் முடிவே இருக்காது. அரசு இயந்திரம், கடன் சுமை, இரும்புக் கரம், கறுப்புப் பணம், நான்காவது தூண், இதெல்லாம் உருவகம் என்று எழுதுகிறவருக்கே தெரியாது. ஒரு பத்தியில் உருவகச் சொல் எவை என்று கண்டறிய 2007இல் ஒரு குழு ஒரு முறை வகுத்தது: சொல்லுக்கு இந்த இடத்தில் என்ன பொருள், அதைவிடத் தொட்டுணரக்கூடிய அடிப்படைப் பொருள் வேறு உண்டா, ஒன்றை வைத்து மற்றதைப் புரிந்துகொள்கிறோமா என்று சொல் சொல்லாகப் பார்ப்பது. நான் ஒரே ஒரு தலையங்கத்தை அப்படிச் செய்ய ஒரு மாலை முழுக்க ஆனது. எந்த வாசகர் அப்படிப் படிக்கமுடியும்?

---

மூன்றாம் சுற்று

நான் பத்திரிகைக்காரியும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு கையால் எழுதுகிறேன்.

எனக்குப் புற்றுநோய். முதல் சுற்று மருந்தின்போது பக்கத்து நாற்காலியில் யாரோ விட்டுப்போன செய்தித்தாளை எடுத்தேன். தலையங்கத்தின் முதல் வரி, 'ஊழல் இந்தச் சமூகத்தின் புற்றுநோய், அதை வெட்டி எறியவேண்டும்.' இதே வரியை அதற்கு முன்னால் எத்தனை முறை தலையாட்டிப் படித்திருக்கிறேனோ. அன்றைக்குத்தான் அதை உடம்பில் இருந்துகொண்டு படித்தேன். அங்கே இருந்த பதினோரு பேரும் அந்தத் தலையங்கத்தின்படி ஊழலைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சூசன் சோன்டாக் என்ற எழுத்தாளர் தானே புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்துக்கொண்டவர், 1978இலேயே இதை எழுதியிருக்கிறார் என்று என் மகள் தேடிப் படித்துக் காட்டினாள். அரசியலில் ஒன்றைப் புற்றுநோய் என்று சொல்வது, இனி எவ்வளவு கடுமையாக நடந்தாலும் சரி என்று சொல்வதுதான் என்கிறார். நோயாளிக்கு அது செய்வதையும் சொல்கிறார்.

நேர்கோடு தம்பி, விளைவு சின்னது என்கிறீர்கள். 2018இல் வந்த ஓர் ஆய்வையும் பாருங்கள். ஒரு நோயாளியின் கதையைச் சிலருக்குப் போராட்டமாகவும் சிலருக்குப் பயணமாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போராட்டமாகப் படித்தவர்கள், குணமாகாவிட்டால் அந்த நோயாளிக்குக் குற்ற உணர்ச்சி வரும் என்று கூடுதலாக நினைத்திருக்கிறார்கள். சின்ன விளைவாக இருக்கலாம். என்னைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் "நீ போராடி ஜெயிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சின்னது என் கட்டிலுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை வருகிறது.

---

பச்சைமை

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. 'ஊழல் புற்றுநோய்' என்ற தொடரை நான் திருத்தாமல் எத்தனை தடவை அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று எண்ணவே முடியாது. உருவகம் எதைப் பற்றியதோ அதன் மேல் மட்டும்தான் கவனம் வைத்திருந்தேன். எதிலிருந்து எடுத்தோமோ, அங்கேயும் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

நேர்கோடு சொன்ன முதல் விஷயத்தை ஏற்கிறேன். ஒரு தடவை படித்ததும் ஒரு சொல் மனிதரைத் திருப்பிவிடாது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு குறிப்பை ஒருமுறை படிக்கிறார்கள். செய்தித்தாள் தினமும் வருகிறது. 'கடன் சுமை' போன்ற தொடர்கள் உருவகம் என்றே தெரியாமல் போனதால் தீங்கில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. தெரியாமல் போனதால்தான் யாரும் 'எதில்?' என்று கேட்பதில்லை.

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் இல்லை. அங்கே 'கங்குரா' என்று ஒரு பத்திரிகை வந்தது. 1993 பிப்ரவரியில், கரப்பான் பூச்சியால் வண்ணத்துப்பூச்சியைப் பெற்றெடுக்க முடியாது என்ற தலைப்பில் ஒரு கட்டுரை போட்டது. கரப்பான் என்றது அங்கே சிறுபான்மை இனமான டுட்சி மக்களை. வானொலியும் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறக்குறைய நூறு நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். சொல் மட்டும் அதைச் செய்ததாக நான் சொல்லவில்லை. ஆயுதம், அரசு, படை எல்லாம் இருந்தன. ஆனால் ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம், 2003 டிசம்பரில், அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஹசன் ங்கேஸேவைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை 35 ஆண்டாகக் குறைந்தது. கரப்பானை என்ன செய்வார்கள் என்று அந்தத் தலைப்பு சொல்லவில்லை. எந்த வாசகருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தாழ்வாரம், உங்கள் 'தொற்றுநோய்'க்கு வருகிறேன். பயந்து அதைத் தூக்கி எறியவேண்டாம். 1960களின் தொடக்கத்தில் வில்லியம் மக்குவயர் என்ற உளவியலாளர் இதே ஒப்பிலிருந்துதான் கிளம்பினார். உடலுக்குத் தடுப்பூசி போல மனத்துக்கும் போடமுடியுமா என்று கேட்டார். ஒரு தவறான வாதத்தைப் பலம் குறைத்துக் காட்டி, அதற்குப் பதிலையும் சேர்த்துக் கொடுத்தால், பின்னால் அதே வாதம் பலமாக வரும்போது மனம் தாக்குப்பிடிக்கிறதா என்று பரிசோதித்தார். ஓரளவு தாக்குப்பிடித்தது. இன்றைக்குப் பொய்ச்செய்திக்கு எதிராக நடக்கும் முன்னெச்சரிக்கைப் பயிற்சிகள் பல அங்கிருந்து வந்தவைதான். அவர் செய்ததைக் கவனியுங்கள். விட்ட பாதியை வெளியே எடுத்து வைத்து, உண்மையா என்று பார்த்தார்.

நீங்களும் உங்கள் விட்ட பாதியை ஒரு தாளில் எழுதுங்கள். தொற்றுநோய் என்றால் கிருமி எங்கே, தனிமைப்படுத்துவது யாரை, மருத்துவர் யார், அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார், நோய் வந்தவர் தானாக எதையும் செய்யாத பாவமா? எழுதிப் பார்த்துவிட்டு, இதில் எதை நீங்கள் உண்மையிலேயே நம்புகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

---

தாழ்வாரம்

எழுதிப் பார்த்தேன். நிறைய நேரம் ஆனது, என் அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

'தனிமைப்படுத்துவது' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். யாரையும் வாய் மூட வைக்கவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, ஆனால் என் முதல் வரி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. 'நோய் வந்தவர் பாவமா' என்ற கேள்வி இன்னும் மோசம். 2018இல் ட்விட்டர் பற்றி வந்த பெரிய ஆய்வை என் பத்திக்காக ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன். 2006 முதல் 2017 வரை சுமார் 1,26,000 செய்திச் சரடுகளைப் பார்த்தார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு ஆகிற வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் இல்லை, மனிதர்கள்தான் என்றும் சொன்னார்கள். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, யாருமே எதுவும் செய்யாமல் தானாக ஒட்டிக்கொள்கிற நோய் என்று எழுதப் போயிருக்கிறேன்.

புதிய தொடக்கம் இது. வெட்டுவதாக இருந்தால் தயங்காமல் வெட்டுங்கள் பச்சைமை அக்கா.

'பொய்ச்செய்தியைத் தொற்றுநோய் என்கிறோம். வேகத்தில் அது தொற்றுநோய் போலத்தான். ஆனால் தொற்றுநோய் நம்மைக் கேட்காமல் வருகிறது, பொய்ச்செய்தி நம் விரல் அழுத்திய பிறகுதான் அடுத்தவருக்குப் பரவுகிறது.'

மூன்றாம் சுற்று அம்மாவுக்கு: உங்கள் பதிவைச் சனிக்கிழமை கூட்டத்தில் வாசிக்க அனுமதி வேண்டும். பெயர் சொல்லமாட்டேன்.

---

மூன்றாம் சுற்று

தாராளமாக வாசியுங்கள் தம்பி.

---

பச்சைமை

முதல் இரண்டு வாக்கியத்தில் கை வைக்க ஒன்றுமில்லை. மூன்றாவதில் 'பரவுகிறது' இன்னும் இருக்கிறது, நோய் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 'விரல் அழுத்திய பிறகு' என்று எழுதிவிட்டீர்கள், அப்படியானால் 'போகிறது' போதும். அதற்கு அடுத்த வாக்கியமாக அந்த 70 சதவீதத்தை வையுங்கள், ஆறாவது பத்திக்குத் தள்ளவேண்டாம். தலைப்பை நீங்களே போட்டு அனுப்புங்கள், எத்தனை எழுத்து அடங்கும் என்று சிற்றிதழில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.